பதினாறில் மூன்று

பதினொன்று நுழையாது.
பன்னிரண்டு வழுக்கி, நட்டின் முனையைத் தின்றுவிடும்.
ஐம்பத்தெட்டில் செய்த பி.எஸ்.ஏ.வுக்கு
ரூவியில் விற்கிற ஸ்பேனர் எல்லாம்
அசலூர்க்காரன்.

வாதி கபீரில் டயர் கடைக்குப் பின்னால்
மீர் தோஸ்த் என்ற பலூச்சிக்காரரிடம் வாங்கினேன்.
அதில் ஓர் ஆட்டைக் கட்டியிருந்தார்.
ஆட்டை அவிழ்த்துக்கொண்டு
வண்டியைக் கொடுத்தார்.
எவ்வளவு என்று ஜெபசீலி கேட்டபோது
பாதியைச் சொன்னேன்.

ஏசி கம்பெனிக்கு ஆறு நாள்.
வெள்ளிக்கிழமை வண்டிக்கு.
கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் ஊறப்போட்ட சட்டி
மீன் சட்டி என்று
சிஹாப் சொன்ன பிறகுதான் தெரிந்தது.
இரண்டு வாரம் அறையில் பேச்சில்லை.
மூன்றாம் வாரம் அவனே
தாமிர வாஷரை அடுப்பில் சிவக்கக் காட்டி
தண்ணீரில் போட்டான்.
சொய்ங் என்றது.
"பப்படம் ஆயி" என்றான்.

உதிரி தேடியது அவள்.
வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி
புதுப்பேட்டை.
நட்டைத் தாளில் வைத்து நான் சுற்றிக் கோடிழுத்த படம்
அவள் போனில்.
"எம்எம்மா, இஞ்ச்சா?"
கடைக்காரர் தலை நிமிரவில்லை.
"ரெண்டும் இல்ல. விட்வொர்த்.
பதினாறுல மூணு."
அப்போதுதான் நிமிர்ந்தாராம்.
ஸ்டூலைத் துடைத்துப் போட்டாராம்.
டீ சொன்னாராம்.
அன்றிரவு போனில்
மகனின் ரேங்க் கார்டு இரண்டு நிமிடம்,
மேக்னெட்டோ நாற்பது.

ஸ்பேனரும் ரப்பர் சீலும்
மிக்சர் பாக்கெட்டுகளுக்கு நடுவே
தக்கலை அன்சாரியின் பெட்டியில் வந்தன.
மஸ்கட்டில் அதிகாரி தூக்கிப் பார்த்தாராம், என்ன இது?
"மிஃப்தா."
சாவிக்கும் ஸ்பேனருக்கும்
அரபியில் அது ஒரே சொல்.
எந்த வீட்டுக்கு என்று அவர் கேட்கவில்லை.

பெட்ரோல் விரலை நனைக்கும்வரை டிக்லரை அமுக்கவேண்டும்.
இக்னிஷன் லீவரைப் பின்னுக்கு இழுக்கவேண்டும்.
இழுக்க மறந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும்.
மறந்தேன்.
கணுக்கால் வீங்கி, சைட்டில் ஏணி ஏற முடியாமல்
மூன்று நாள் சம்பளம் போயிற்று.
நான்காம் நாள் சிஹாப் உதைத்தான்.
இரண்டு இருமல்.
பிறகு மாடியில் உலர்ந்த லுங்கிகள் எல்லாம்
அதன் தாளத்துக்கு ஆட ஆரம்பித்தன.

டிசம்பரில் சூருக்குக் கிளம்பினேன்.
அமராத் ஏற்றம் முழுக்க இரண்டாம் கியர்.
லாண்ட் க்ரூசர்கள் ஹாரன் அடித்துத் தாண்டின;
ஒரு குழந்தை பின்கண்ணாடியில் மூக்கை ஒட்டி
வளைவு வரும்வரை என்னைப் பார்த்தது.
இந்த வண்டிக்குக் கியர் வலக்காலில்,
பிரேக் இடக்காலில்.
குரியாத்துக்கு முன்னால் ஒட்டகம் குறுக்கே வர
வலக்கால் பழைய ஞாபகத்தில் மிதித்தது.
மேல் கியர் விழுந்து
வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று, ஆனந்தமாக.
ஒட்டகம் அவசரப்படவில்லை.
அது ஓடியிருந்தால் என் மேல்தான் ஓடியிருக்கும்.

ஃபின்ஸ் தாண்டி நிறுத்தினேன்.
இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மொட்டை மலை,
அடியில் சரளைக்கல்லில் ஏழு சொட்டு எண்ணெய்.
எண்ணிப் பார்த்தால் நிம்மதி.
சிந்தவில்லை என்றால்தான் பயப்படவேண்டும்,
உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

படம் எடுத்து அனுப்பினேன்.
கடல், மலை, வண்டி, ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிய நான்.
நீலக்கோடு விழுந்தது.
வெகுநேரம் எழுதிக்கொண்டே இருந்தாள்.
வந்தது இவ்வளவுதான்:
"செயின் தொங்குது. ஸ்பேனர் எடுத்தீங்களா?"

குனிந்து பார்த்தேன்.
இரண்டு விரற்கடை தொங்கிற்று.

கல்லில் முதுகு வைத்துப் படுத்தேன்.
அட்ஜஸ்டர் நட்டில் அது
சொன்ன சொல்போல உட்கார்ந்தது.
அரைச் சுற்று. அந்தப் பக்கமும் அரைச் சுற்று.
"இறுக்கிட்டேன்."

அதற்குள் இன்னொன்று வந்திருந்தது.
"அந்த மாடல் என்ன விலை போகும்னு
புதுப்பேட்டைக்காரர் அன்னைக்கே சொல்லிட்டார்."

போனை உள்பையில் வைத்தேன்.
சூருக்கு இன்னும் அறுபது கிலோமீட்டர்.
லீவரைப் பின்னுக்கு இழுத்தேனா என்று
இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.